வார்த்தை கொடுத்தவர்

என் கடைக்குச் சட்டை கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் கோபம் பழக்கம். "இஸ்திரிப் பெட்டியாவது சுவிட்சை அணைச்சா ஆறிடும், அக்கா ஆறாது" என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். நான் கண்டுகொள்வதில்லை. சலவைக் கடை வைத்திருப்பவளிடம் சூடு இல்லாவிட்டால் சுருக்கம் எப்படிப் போகும்? ஆனால் இந்த மூன்று வாரமாக இருக்கிற கோபம் அந்த வேடிக்கைக் கோபம் இல்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிற கோபம். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் தீருமா என்று தெரியவில்லை.

கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு வாஷிங் மெஷின், ஒரு காயவைக்கும் மெஷின், சுவரோடு சுவராக ஒரு நீள மேசை, மேலே துணி மாட்டுகிற கம்பிகள். எதிரே ஒன்பது மாடிக் கட்டடம், முழுக்கக் கம்ப்யூட்டர் ஆபீஸ். கடை என் பேரில் இருக்கிறது. பத்தொன்பது வருடம் முன்னால் ஒரு மேசையும் ஒரு பெட்டியுமாக ஆரம்பித்தேன். இன்று வரைக்கும் ஒருவரிடமும் போய்க் கைநீட்டி நின்றதில்லை. அந்தக் கதவில் வேறொருத்தன் பூட்டு தொங்கினால் நான் நானாக இருக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பிறகு நான் செய்தது புரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எதிர்க் கட்டடத்துப் பையன் ஒருவன் ஆறு சட்டையை எடுத்துக்கொண்டு, "அக்கா, காயின்ல குடுக்கலாமா?" என்றான்.

"காயின்னா சில்லறைதானே. தாராளமா குடு, எனக்கும் மாத்தறதுக்கு வேணும்" என்றேன்.

கடையில் நின்றிருந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அன்றைக்கே என் தம்பியைக் கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்டேன். அவன் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கிரிப்டோ என்கிற இந்தக் கம்ப்யூட்டர் காசு என்றால் அவனுக்கு வாயெல்லாம் பல். "அக்கா, நீ மட்டும் இதை வாங்க ஆரம்பிச்சா அந்த ஒன்பது மாடியும் உன் கடைக்குத்தான் வரும்" என்றான். காயின் வந்து சேர என் போனில் வாலட் ஒன்றைப் போட்டுக்கொடுத்தான். விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டையை ஒட்டினான். அவன் சொன்னது பொய்யில்லை. கூட்டம் வந்தது. சட்டைக்கு இத்தனை, கோட்டுக்கு இத்தனை என்று துளித்துளியாகக் காயின் விழுந்தது. நான் அதைத் தொடவில்லை. கிடக்கட்டும், ஆபத்துக்கு உதவும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாலட்டுக்குச் சாவி பன்னிரண்டு வார்த்தை. ஏணி, வாழைப்பழம், குளிர்காலம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள். "இந்த வார்த்தைங்களை இதே வரிசையில எவன் சொன்னாலும் பணம் அவனோடது" என்று தம்பி எச்சரித்தான். "போன் தொலைஞ்சாலும் பரவாயில்லை, இது தொலையக் கூடாது. போட்டோ எடுக்காதே. யார்கிட்டயும் சொல்லாதே."

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். சலவைக் கடையில் தாளுக்கு என்ன ஆயுள்? பாக்கெட்டில் மறந்து வைத்த கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, காதல் கடிதம் எல்லாம் கூழாகி வெளியே வந்து பார்த்தவள் நான். அதனால் இந்தப் பொறுப்பை இவரிடம் கொடுத்தேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். ஒரு தடவை படித்தார், தாளைத் திருப்பிக் கொடுத்தார், பன்னிரண்டையும் ஒப்பித்தார். நான் தாளை அடுப்பில் காட்டினேன்.

இவர் பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். முந்நூற்றுச் சொச்சம் பஸ்ஸின் நேரமும் பிளாட்பாரமும் தலைக்குள் இருக்கிறது. பன்னிரண்டு வார்த்தை இவருக்குச் சுண்டைக்காய். நிலையத்தில் இவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "விசாரணை" என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தை கேட்டாலும் குடிகாரன் கேட்டாலும் ஒரே பதில், ஒரே குரல். இரண்டு தடவை சொல்வார், மெதுவாகச் சொல்வார், கேட்டவர் தலையாட்டுகிற வரைக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருபத்தாறு வருடத்தில் ஒருவரைக்கூடத் தப்பான பஸ்ஸில் ஏற்றிவிட்டதில்லை என்பது இவருக்கு உள்ளூரப் பெருமை. வீட்டிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுக்காரி சும்மா என் வயசைக் கேட்டால், வருடத்தோடு மாதத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருவார். ஆனால் கேட்காத எதையும் தானாக வாயைத் திறந்து சொல்லமாட்டார்.

போன மாதம் வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. எதிர்க் கட்டடத்துக் கம்பெனி ஏதோ ஒன்றின் கணக்கைத் தோண்டப் போய், கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, என் க்யூஆர் அட்டை வெளியே வந்திருக்கிறது. நேரில் போய்க் கேட்டேன். அதிகாரி ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். குரலை உயர்த்தாமல் விளக்கினாள். சட்டை தேய்த்ததற்குக் காயின் வாங்கினால், வாங்கிய அன்றைக்கு அது என்ன விலையோ அது வருமானம். அதற்கு வரி. பிறகு அதை விற்று லாபம் வந்தால் அந்த லாபத்துக்குத் தனி வரி. மூன்று வருடமாகக் காட்டாததற்கு அபராதம். கூட்டினால் என் கடையின் ஏழு மாத வருமானம். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் கடைக்குப் பூட்டு, மெஷின்கள் ஏலம்.

கத்தத்தான் தோன்றியது. ஆனால் கத்தவில்லை. ஏனென்றால் காயின் அத்தனையும் விற்றால் வரியையும் கட்டி, கொஞ்சம் மிச்சமும் இருக்கும். வந்த வழியே போகட்டும், கடை நின்றால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். விலை கொஞ்சம் ஏறும்போல இருக்கிறது, வியாழக்கிழமை விற்றுத் தருகிறேன் என்றான் தம்பி.

ஆனால் செவ்வாய்க்கிழமையே அத்தனையும் போயிற்று.

அன்று காலை ஒரு கிளினிக்கிலிருந்து நாற்பது வெள்ளைக் கோட்டு வந்திருந்தது. மத்தியானத்துக்குள் வேண்டுமாம். ஒரு மெஷின் வேறு பாதியில் நின்று தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது. போனும் ஓயவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, யார் யாரிடமோ எரிந்து விழுந்துகொண்டே தேய்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று அடித்து ஐந்து நிமிஷம் இருக்கும், இவர் கூப்பிட்டார்.

"வரி ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணாங்க" என்றார்.

"என்னவாம்?"

"ரொம்ப மரியாதையா பேசினாங்க. நானும் வார்த்தையக் குடுத்துட்டேன்."

வியாழக்கிழமை கட்டிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? நம் பேச்சில் வார்த்தை கொடுத்தேன் என்றால் அதுதானே அர்த்தம்.

"குடுத்துட்டீங்கல்ல, அப்புறம் என்ன. குடுத்த வார்த்தையக் காப்பாத்திட்டாப் போச்சு."

"ரெண்டு தடவை சொன்னேன். தெளிவா வாங்கிக்கிட்டாங்க."

"ஒரு தடவை சொன்னா பத்தாதா உங்களுக்கு" என்று சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "கோட்டு தீயுது, போனை வைங்க."

வைத்துவிட்டார். நான் இருபத்தேழாவது கோட்டை எடுத்தேன்.

மூன்று மணிக்குத் தம்பி வந்தான். வியாழக்கிழமை விற்பதற்கு முன்னால் ஒரு தரம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் போனை வாங்கினான். பார்த்தவன் நிமிரவே இல்லை.

"அக்கா, நீ எதையாவது அமுக்கினியா?"

"நான் எதை அமுக்கறேன். பெட்டியை அமுக்கவே நேரமில்லை."

"எல்லாம் போயிருக்கு. பன்னிரண்டு நாப்பதுக்கு. ஒண்ணு விடாம."

இவருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.

"காலையில என்ன சொன்னீங்க வரி ஆபீஸ்காரன்கிட்ட?"

"அதான் சொன்னேனே. வார்த்தையக் குடுத்தேன்னு."

"எந்த வார்த்தை?"

"பன்னிரண்டையும்தான்" என்றார். பிளாட்பாரம் ஏழு என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். "சரிபார்க்கணும்னு கேட்டாங்க. ஏன், தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?"

தப்பாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்போம். ஒரு வார்த்தை முன்பின்னாகப் போயிருந்தால்கூடத் திருடன் கதவைத் தட்டிக்கொண்டு வெளியே நின்றிருப்பான். இவர் வரிசை மாறாமல், எழுத்துக்கூட்டி, எழுதிக்கொள்ள நேரம் கொடுத்து, இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

இவர் பதினோரு மணிக்கே கூப்பிட்டுச் சொன்னதை நான் சொன்னதும், தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு துணி மூட்டை மேல் உட்கார்ந்தான். "பதினொண்ணுக்கே உனக்குத் தெரியுமாக்கா? பன்னிரண்டு நாப்பதுக்குத்தான் எடுத்திருக்கானுங்க. நமக்கு முன்னாடி வேற எவனையாவது தொடைச்சிக்கிட்டு இருந்திருப்பானுங்க. ஒண்ணரை மணி நேரம் வரிசையில நின்னிருக்கோம். எனக்கு ரெண்டு நிமிஷம் போதும், வேற வாலட்டுக்கு மாத்தியிருப்பேன். ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

என்னவென்று போன் பண்ணுவேன்? 'உன் மாமா வரி ஆபீஸுக்கு வாக்குக் கொடுத்திருக்கார், ஓடி வா' என்றா?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இவரை நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். தட்டை வைக்கும்போது பேசினேன், எடுக்கும்போது பேசினேன். "ஊரே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டோமே, உங்க காதுல என்ன அடைச்சிருந்துது?" என்றேன். "உங்ககிட்ட ரகசியத்தை வெச்சதுக்குச் சல்லடையில தண்ணி மொண்டு வெச்சிருக்கலாம்" என்றேன்.

முதல் நாள் மட்டும் ஒரு பதில் சொன்னார். "நோட்டீஸ் வந்த தேதி, கட்ட வேண்டிய தேதி, நாம வியாழக்கிழமை கட்டப்போறது, எல்லாம் சரியா சொன்னாங்க. ஆபீஸ்காரங்க இல்லாம வேற யாருக்கு இதெல்லாம் தெரியும்?"

"ஆபீஸ்லயே ஒரு திருட்டுப் பய இருப்பான். அது கூடவா தெரியாது? உங்க கவுன்ட்டர்ல வந்து உங்க சட்டையைக் கழட்டிக் குடுன்னு கேட்டாலும் எந்த சைஸுன்னும் சொல்லிக் குடுப்பீங்க."

அதோடு இவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். நானும் விடவில்லை. பத்தொன்பது வருடம். வெயில் காலத்தில் அந்த நீராவியில் நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துப்போன பத்தொன்பது வருடம். அதை ஒரு மனிதர் 'மரியாதையாகக் கேட்டார்கள்' என்று தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டால் எனக்கு எப்படி இருக்கும்? சோறு இறங்குகிறதே என்று அதற்கும் கோபம். ஒரு நாள் பாதியில் எழுந்து கை கழுவினார். வீம்புக்குப் பட்டினி கிடக்கிறாரே என்று அதற்கும் கோபம்.

போலீஸில் புகாரைக் கம்ப்யூட்டரில் பதிந்தோம். ஒன்பதாம் நாள் நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒரு நீள நடைபாதை, சுவரோரம் பெஞ்சு, எங்களைப் போலவே மூஞ்சி தொங்கின பத்துப் பதினைந்து பேர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் மருமகளிடம் முணுமுணுப்பாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் அந்த மருமகளுக்கு மனசுக்குள் தலையாட்டினேன்.

கிளார்க் ஒரு படிவம் கொடுத்தார். மோசடி அழைப்பு வந்த எண், வந்த நேரம், பேசியவர் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கட்டம். இவர் தன் போனைப் பார்த்து அந்த எண்ணை எழுதினார். கையெழுத்து அச்சுப் போல இருந்தது, அதைப் பார்த்தும் எரிந்தது. அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு வெறி வந்தது. எடுக்கிறானோ இல்லையோ, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று என் போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன்.

கடைசி எண்ணை அழுத்துவதற்கு முன்பே போன் அந்த எண்ணை முழுசாகக் காட்டியது. ஏற்கெனவே என் போனில் இருக்கிற எண். செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. வந்த அழைப்பு. நாலு நிமிஷம்.

நான் அழைக்கவில்லை. போனை மடியில் கவிழ்த்துவிட்டேன்.

நாலு நிமிஷத்தில் என்ன பேசினேன் என்று முதலில் ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது, நின்றுபோன மெஷினும் தரையெல்லாம் சோப்புத் தண்ணீரும் தோளில் போனுமாக வந்தது. வரி ஆபீஸ் என்றான் ஒருவன். ஒரு நோட்டீஸ் விஷயம் என்றான். அவன் இழுப்பதற்குள் நான்தான் பாய்ந்தேன். 'நாலாம் தேதி வந்த நோட்டீஸ்தானே? மாசக் கடைசிக்குள்ள கட்டணும்னு உங்க மேடமே சொல்லியாச்சு. காயினை வித்து வியாழக்கிழமை கட்டறேன்னு நானும் சொல்லியாச்சு. இன்னும் என்ன உங்களுக்கு?' வாலட்டைச் சரிபார்க்க வேண்டும் என்றான். 'அந்த வார்த்தை கீர்த்தையெல்லாம் எனக்குத் தெரியாது, என் வீட்டுக்காரர் தலையில இருக்கு. அவர் நம்பரை எழுதிக்குங்க, அவரைக் கேளுங்க, என் உயிரை வாங்காதீங்க.' நம்பரைச் சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னபோது ஒரு எண் தப்பாக இருந்தது. திருத்திச் சொன்னேன்.

அவனுக்கு ஒன்றுமே தெரியாமல்தான் கூப்பிட்டிருக்கிறான். தேதி, கிழமை, சாவி யாரிடம், அவருடைய நம்பர், அத்தனையும் என் வாயிலிருந்து வாங்கியிருக்கிறான். மரியாதையாகக்கூடப் பேச வேண்டியிருக்கவில்லை அவனுக்கு. என் கோபமே போதுமானதாக இருந்தது.

இவர் படிவத்தை நிரப்பி முடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"அவன் என்கிட்டதான் முதல்ல பேசியிருக்கான்" என்றேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'உங்க வீட்டம்மாதான் உங்களைக் கேக்கச் சொன்னாங்க'ன்னுதான் ஆரம்பிச்சாங்க. அதனாலதான் குடுத்தேன். இல்லன்னா தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்."

"ஒன்பது நாளா அந்தப் பேச்சுப் பேசினேனே. ஏன் சொல்லலை?"

இவர் கொஞ்சம் யோசித்தார். யாராவது தனக்குத் தெரியாத ஊருக்கு வழி கேட்டால் யோசிப்பாரே, அப்படி.

"நீ கேக்கலையே" என்றார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மனிதரை அங்கேயே பெஞ்சோடு சேர்த்துத் தள்ளிவிடலாமா என்றுதான் வந்தது. ஒரு வாய் திருப்பிக் கத்தியிருந்தால் என்ன? 'நீதான்டி அனுப்பினே' என்று முதல் நாளே என் முகத்தில் அடித்திருந்தால் என்ன? நல்லவராக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா? கிளார்க் கூப்பிட்டார். நான் எனக்கு வந்த அழைப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "வார்த்தை போன போன் எது, அது மட்டும் போதும்மா. கட்டம் ஒண்ணுதான் இருக்கு" என்று முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

மாதத்தின் கடைசி நாள் வரி ஆபீஸுக்குப் போனோம். கண்ணாடிச் சங்கிலி அதிகாரியின் அறையில் மூன்று பீரோ, ஒரு மேசை, சுவர் முழுக்கக் கட்டுக்கட்டாகக் கோப்பு. போலீஸ் புகாரின் நகலை வாங்கிப் படித்தாள்.

"வருத்தமா இருக்கும்மா. ஆனா வரி வரிதான்."

"எதுக்கு வரி? என்கிட்ட இப்ப ஒரு காயின்கூட இல்லையே."

"இருந்துச்சே. நீங்க சட்டை தேய்ச்சு வாங்கின அன்னிக்கே அது வருமானம். அப்புறம் அது திருடு போனா, அந்த நஷ்டத்தைக் கழிக்கச் சட்டத்துல இடமில்லை."

அவ்வளவுதான். என்னை அடக்க யாராலும் முடியவில்லை. "மரத்துலேர்ந்து விழுந்தவளை மாடு முட்டின கதையா இருக்கே" என்று ஆரம்பித்தேன். "ஏறினா உங்களுக்குப் பங்கு, வித்தா உங்களுக்குப் பங்கு, எவனோ களவாண்டுட்டுப் போனா மட்டும் அது என் தலையெழுத்தா? திருடனுக்கு நோட்டீஸ் அனுப்புங்களேன். லாபம் அவனுக்குத்தானே வந்துச்சு. என் பேர்ல தபால் போட்டா அடுத்த நாளே வந்து சேருதே, அவன் விலாசம் மட்டும் ஏன் உங்களுக்குக் கிடைக்க மாட்டேங்குது? நான் அழுக்குத் துணியை வெள்ளையாக்கி வாங்கின காசு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சட்டை இருக்கு." பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி நான் முடிக்கிற வரைக்கும் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இவர் என் முந்தானையைக்கூடத் தொடவில்லை.

நான் மூச்சு வாங்கியபோது அவள் ஒரு தாளை இழுத்தாள்.

"கழிக்கத்தான் முடியாது. தவணையாக் கட்ட வழி இருக்கு. பதினெட்டு மாசம். ஒழுங்காக் கட்டிட்டு வந்தா கடையைப் பூட்ட மாட்டோம், மெஷினையும் தொட மாட்டோம்."

பதினெட்டு மாதம் என்றால் முடியும். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்தால், பெரிய மெஷினை மாற்றுவதைத் தள்ளிப் போட்டால், முடியும்.

"ஒரு நிபந்தனை இருக்கு. கடை உங்க பேர்ல இருக்கு. அதனால இந்தக் கேள்விக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "இழப்பு நேர்வதற்கு முன், சாவி விவரத்தையோ, அது யாரிடம் இருக்கிறது என்பதையோ, உரிமையாளர் தாமாக வெளியார் எவருக்காவது தெரிவித்தாரா?" நிமிர்ந்தாள். "தெரிவிச்சிருந்தா அது உரிமையாளரோட கவனக்குறைவு. தவணை கிடையாது, இன்னிக்கே முழுசாக் கட்டணும். குடும்பத்துல வேற யாராவது ஏமாந்திருந்தா பிரச்சினை இல்லை. புகார்ல சார் பேருதான் இருக்கு. நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

எனக்கு எப்போதும் பதில் தயாராக இருக்கும். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். அன்றைக்கு அவள் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவில் தொங்கப்போகிற பூட்டு தெரிந்தது. அதை வேடிக்கை பார்க்க ஒன்பது மாடியிலிருந்தும் இறங்கி வருகிறவர்கள் தெரிந்தார்கள்.

"இல்லை" என்றேன். "நான் யார்கிட்டயும் சொல்லலை."

அதிகாரி குறித்துக்கொண்டாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள். குரலில் கொஞ்சம் கண்டிப்பு ஏறியது.

"பொறுப்பான வேலையில இருக்கீங்க. படிச்சவர். யாரோ போன்ல கேட்டா இப்படியா சார் தூக்கிக் குடுக்கறது? பாவம், இந்த அம்மாவோட உழைப்பு."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரில் யாரையும் விட்டுவைக்காத வாய், இத்தனை நாளும் இவரைக் கிழித்துத் தொங்கவிட்ட வாய், பசை போட்ட மாதிரி மூடிக் கிடந்தது.

"அம்மா சொன்னது சரிதானா? அவங்களுக்கும் அந்தப் போனுக்கும் சம்பந்தம் இல்லையே? நீங்களும் உறுதி சொல்லணும்."

எனக்கு இவரைத் தெரியும். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். அது இவருக்குப் பழக்கம்கூட இல்லை, உடம்பு அப்படி. கையில் தவணைத் தாளோடு அந்த அதிகாரி கேட்கிறாள், இவர் தெளிவாக, இரண்டு தடவை, உள்ளபடி சொல்லப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சொல்லக் கூடாது என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அதையும் நான்தான் செய்தேன்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் முகத்தைப் பார்த்து, "சம்பந்தம் இல்லைங்க. எல்லாம் நான் பண்ணது" என்றார்.

முத்திரை விழுந்தது. கடை தப்பியது. பன்னிரண்டு மணிக்குப் போய்க் கதவைத் திறந்தேன், பெட்டியைப் போட்டேன், வேலையைப் பார்த்தேன். இவர் மத்தியான ஷிஃப்டுக்குப் பஸ் நிலையத்துக்குப் போனார். வரி ஆபீஸ் கோப்பில் 'கவனக்குறைவானவர்' என்ற வார்த்தைக்கு எதிரே இவர் பெயர் இருக்கிறது, இனி எப்போதும் இருக்கும். திருடன்கூட இவரிடமிருந்து உண்மையைத்தான் வாங்கிக்கொண்டு போனான். இந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு பொய்யை வாங்கினவள் நான்.